ஃபிரிட்ஜ் கதவில் நான்கு பெயர்கள்: சந்தியாகோ, ஹைமே, யாகோ, தியேகோ

என்னோடு வேலை பார்க்கும் தோழியின் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு மாதமாக ஒரு தாள் ஒட்டிக் கிடந்தது. மேலே ‘பையன்’ என்று எழுதியிருக்கும். கீழே நான்கு பெயர்கள்: சந்தியாகோ, ஹைமே, யாகோ, தியேகோ. வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்து பேசி ஒன்றை அடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமியார் போன் பண்ணியதும் அடித்த பெயர் பென்சிலில் மறுபடி ஏறிவிடும்.

அவள் கலீசியாக்காரி. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கடலும் மழையுமான சீமை அது. கணவன் சரகோசாக்காரன், பழைய அரகோன் ராஜ்யத்தின் தலைநகரம். இருவரும் குடியிருப்பது நடுவில், மாட்ரிடில். ‘எங்கள் இரண்டு வீட்டுக்கும் நீ வேண்டியவன்தான், ஆனால் சொந்தக்காரன் இல்லை, அதனால் நீ சொல்’ என்று என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். பெயர் வைக்கும் விஷயத்தில் வெளியாள் வாய் திறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தத் தாளில் ஒரு வேடிக்கை இருந்தது, அதனால் மாட்டிக்கொண்டேன். மாற்றி மாற்றி அடித்து எழுதிக்கொண்டிருந்த அந்த நான்கும் ஒரே பெயர்.

தொடக்கம் எபிரேயத்தில். யாகோவ் என்ற பெயர். தமிழ் பைபிளில் யாக்கோபு. ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகளில் இளையவன். அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே பிறந்தான் என்கிறது ஆதியாகமம் 25-ஆம் அதிகாரம். குதிகாலுக்கு எபிரேயத்தில் ‘அகேவ்’. இரண்டு அதிகாரம் தள்ளி அதே வேரை வேறு பொருளில் இழுக்கிறான் ஏசா: இவனுக்குப் பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், இதோடு இரண்டு தடவை என்னை ஏமாற்றிவிட்டான் என்று. மொழியறிஞர்கள் சிலர் இது ‘கடவுள் காப்பாராக’ என்ற பழைய வாழ்த்துப் பெயரின் சுருக்கம் என்கிறார்கள். ஆக, குதிகாலைப் பிடித்தவன், ஏமாற்றி இடம் பிடித்தவன், கடவுள் காப்பவன் என்று மூன்று அர்த்தம். பெயர்ப் பட்டியல் விற்பவர்கள் மூன்றாவதை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவதில் வியப்பில்லை.

நம்மூரில் பெயர் என்றதும் முதல் கேள்வி ‘அர்த்தம் என்ன?’ இங்கே நான் பார்த்த வரையில் அதை யாரும் கேட்பதில்லை. ‘யாருடைய பெயர்?’ என்றுதான் கேட்கிறார்கள். தாத்தாவா, மாமாவா, எந்தப் புனிதர், எந்த ஊர்? இந்த நான்கு பெயர்களைப் பொறுத்தவரை அதுதான் சரியான கேள்வியும்கூட. குதிகால் நான்குக்கும் பொது. வித்தியாசம் முழுக்க அந்தப் பெயரைச் சுமந்து போனவர்களிடம் இருக்கிறது.

எபிரேயப் பெயர் கிரேக்கத்தில் இயாக்கோபோஸ் ஆகி, லத்தீனில் இயாகோபுஸ் ஆனது. அப்புறம் ஜனங்கள் வாயில் விழுந்து தேய ஆரம்பித்தது. மேற்கே, கலீசியாப் பக்கம், வால் உதிர்ந்து இயாகோ. ‘புனித யாகோபே’ என்று விளிக்கும்போது லத்தீனில் ‘சாங்தே இயாகோபே’. அதை ஓட்டமாகச் சொல்லிச் சொல்லி சந்தியாகோ. பின்னால் வந்தவர்கள் அந்தச் சொல்லைத் தப்பான இடத்தில் பிரித்து ‘சான் தியாகோ’ ஆக்கினார்கள். தியாகோ என்று ஒரு பெயர் புதிதாக முளைத்தது. கிழக்கே வேறு கூத்து. ‘ப’ ஒலி ‘ம’ ஆகி, இயாகோமுஸ் என்றொரு வடிவம் கிளம்பியது. இத்தாலியரின் ஜாக்கோமோ, கட்டலான்காரரின் ஜாவ்மே, ஆங்கிலேயரின் ஜேம்ஸ், ஸ்பானியத்தின் ஹைமே எல்லாம் அந்த ‘ம’ வீட்டுப் பிள்ளைகள். அதனால்தான் ஆங்கில பைபிளில் ஜேம்ஸ் எழுதிய நிருபம் தமிழில் யாக்கோபு நிருபமாகவும் ஸ்பானியத்தில் சந்தியாகோவின் நிருபமாகவும் இருக்கிறது.

சந்தியாகோவிலிருந்து தொடங்குகிறேன், கலீசியாவிலிருக்கும் தோழியின் அம்மாவின் வேட்பாளர் அதுதான். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர், செபெதேயுவின் மகன், மீனவர். யோவானின் அண்ணன் என்பது மரபு. ஏரோது அக்ரிப்பா அவரை வாளால் வெட்டிக் கொன்றான், கி.பி. 44-ஐ ஒட்டி. எருசலேமில் செத்தவர் ஸ்பெயினின் கோடியில் எப்படி வந்தார் என்றால், அதற்கு ஒரு கல் தோணிக் கதை இருக்கிறது. சரித்திரத்தில் கிடைப்பது இவ்வளவு: 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாயோ என்ற துறவி காட்டில் விளக்கொளி பார்த்ததாகச் சொல்ல, இரியா ஃபிளாவியாவின் ஆயர் தெயோதோமிரோ போய்ப் பார்த்து, இது சீடரின் கல்லறைதான் என்று அறிவித்தார். இரண்டாம் அல்ஃபோன்சோ அரசன் அங்கே ஒரு சிறிய கோயில் கட்டினான். தெயோதோமிரோ கற்பனை ஆள் என்று வெகுகாலம் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. 1955-இல் பேராலயத்தின் தரைக்கடியில் தோண்டியபோது அவர் பெயர் பொறித்த கல்லறைக் கல் கிடைத்தது. சீடர் அங்கே இருக்கிறாரோ இல்லையோ, ஆயர் இருக்கிறார்.

அந்தக் கல்லறையைச் சுற்றி எழுந்த ஊர்தான் சந்தியாகோ தே கொம்போஸ்தேலா. அதை நோக்கி நடக்கும் பாதைக்கு ‘காமினோ’ என்று பெயர். 2024-இல் மட்டும் நடந்து முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். ஜூலை 25, அவருடைய திருநாள், ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அது புனித ஆண்டு. அடுத்தது 2027.

இந்த ஊரைப் பற்றிய ஒரு சம்பவம் எனக்கு மறக்காது. 997-இல், அப்போது முஸ்லிம் ஆட்சியில் இருந்த கோர்தோபாவின் படைத்தலைவர் அல்மன்சூர் கொம்போஸ்தேலாவைச் சூறையாடினார். கோயிலை இடித்தார், கல்லறையை விட்டுவிட்டார். அங்கே தனியாக உட்கார்ந்திருந்த ஒரு கிழத்துறவியிடம் ‘இங்கே என்ன செய்கிறாய்?’ என்று கேட்டதாகவும், புனிதருக்குத் துணை இருக்கிறேன் என்ற பதிலைக் கேட்டு அவரைத் தொடாமல் விடச் சொன்னதாகவும் அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கோயில் மணிகளை விடவில்லை. கிறித்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் கோர்தோபாவுக்குக் கொண்டுபோய் மசூதியில் விளக்காகத் தொங்கவிட்டார்கள். 1236-இல் கிறித்தவ அரசர் மூன்றாம் ஃபெர்னாந்தோ கோர்தோபாவைப் பிடித்ததும் அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். சந்தியாகோ என்ற பெயருக்குள் இந்த இரண்டு பயணமும் இருக்கிறது.

ஏனென்றால் மீனவர் இங்கே வந்து போர்வீரர் ஆகிவிட்டார். 844-இல் கிளாவிஹோ என்ற இடத்தில் நடந்த சண்டையில் வெள்ளைக் குதிரையில் தோன்றி முஸ்லிம் படையை வெட்டினார் என்பது கதை. அப்படி ஒரு சண்டை நடந்ததை இன்றைய சரித்திர ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் ‘மாத்தாமோரோஸ்’, மூர்களைக் கொன்றவர், என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. ‘சந்தியாகோ!’ என்பது படைகளின் முழக்கமானது. அமெரிக்கக் கண்டத்துக்குப் போனபோது அதே குதிரையின் காலடியில் அந்த மண்ணின் மக்களை வைத்து வரைந்தார்கள். கொம்போஸ்தேலாப் பேராலயத்தில் அந்தக் குதிரைவீரர் சிலை இன்னும் இருக்கிறது. காலடியில் கிடக்கும் உருவங்களைப் பூ வைத்து மறைத்திருக்கிறார்கள். தோழி அதைச் சொல்லும்போது சற்றுத் தயங்கினாள். ‘எங்கள் ஊரில் கையில் தடியும் தொப்பியில் சிப்பியுமாக நடந்து வருகிற சந்தியாகோதான் எங்களுக்கு’ என்றாள். அதுவும் உண்மை. இரண்டு சந்தியாகோவும் ஒரே கோயிலில் இருக்கிறார்கள்.

இந்தப் பெயர் உலகம் சுற்றியிருக்கிறது. கியூபாவின் சந்தியாகோ 1515, சிலியின் தலைநகர் 1541. நரம்புச் செல்களை வரைந்து காட்டி 1906-இல் நோபல் வாங்கிய ராமோன் இ கஹால் ஒரு சந்தியாகோ. மாட்ரிடில் இந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குச் சீடரோ விஞ்ஞானியோ நினைவுக்கு வருவதில்லை. 1943 முதல் 1978 வரை ரியல் மாட்ரிட் தலைவராக இருந்த சந்தியாகோ பெர்னபேவும் அவர் பெயரிலான மைதானமும்தான். மெக்சிகோ, கொலம்பியாவில் புதுக் குழந்தைகளுக்கு இது இப்போது வெகு பிரபலம். ஸ்பெயினில் அவ்வளவு இல்லை, சற்று முதிர்ந்த பெயராகவே காதில் விழுகிறது.

இந்த இடத்தில் நான் ஒரு விஷயத்தைச் சொன்னதும் தோழிக்கு வாயெல்லாம் பல். எங்கள் கடற்கரையிலும் இந்தப் பெயர் உண்டு என்றேன். போர்த்துக்கீசியர் வழியாக வந்து முத்துக்குளித்துறையிலும் ராமநாதபுரம் பக்கமும் சந்தியாகு ஆனது. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் கோயில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் குருநகரிலும், கடல்நீரேரி ஓரம் கிளாலியிலும் யாகப்பர் என்கிறார்கள். சந்தியாகப்பர் என்ற சொல்லை ஒரு காகிதத்தில் பிரித்துக் காட்டினேன்: முன்னால் ‘புனித’ என்று பொருள்படும் லத்தீன் ‘சந்த்’, பின்னால் தமிழ் ‘அப்பர்’. இரண்டு பக்கமும் மரியாதை, நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது யாகு. ‘அப்படியானால் நான் சொல்கிற இயாகோதானே!’ என்றாள். அவள் விட்டால் அன்றைக்கே தாளில் மற்ற மூன்றையும் அடித்திருப்பாள்.

கணவன் விடவில்லை. ஹைமே அவன் தாத்தா பெயர், அதைவிட முக்கியமாக ஒரு ராஜா பெயர். முதலாம் ஹைமே, வெற்றிவீரர், 1208-இல் மோன்பெலியேயில் பிறந்து 5 வயதில் பட்டத்துக்கு வந்து 63 ஆண்டு ஆண்டவர். 1229-இல் மயோர்க்காவைப் பிடித்தார், 1238-இல் வலென்சியாவுக்குள் நுழைந்தார். அந்த அக்டோபர் 9 இன்றும் வலென்சியாவில் அரசு விடுமுறை. அவருக்கு முன்னால் அரகோன் அரியணையில் ஹைமே என்று யாருமே கிடையாது. ராமீரோ, சாஞ்சோ, பேத்ரோ, அல்ஃபோன்சோ என்று சுற்றிச் சுற்றி வந்த வம்சத்தில் இந்தப் பெயர் நுழைந்தது ஒரு மெழுகுவர்த்தியால்.

அதை ராஜாவே தன் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். அப்பா இரண்டாம் பேத்ரோவுக்கும் அம்மா மரியாவுக்கும் ஆகவே ஆகாது. பிள்ளை பிறந்ததும் பெயர் வைக்க அம்மாதான் இருந்தாள். ஒரே எடை, ஒரே உயரத்தில் பன்னிரண்டு மெழுகுவர்த்தி செய்யச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீடரின் பெயர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றி, எது கடைசிவரை எரிகிறதோ அந்தப் பெயர் என்று வேண்டிக்கொண்டாள். மற்றவை அணைந்தபோது யாகோபுவின் திரி மூன்று விரற்கடை மிச்சம் வைத்து எரிந்துகொண்டிருந்தது. பிறந்த நாளும் அதற்குத் தோதாக மெழுகுவர்த்தித் திருநாளுக்கு முந்தின இரவு.

பெயர் வைத்த கதை இவ்வளவு துல்லியமாக, விரற்கடை அளவோடு, சொந்தக்காரரின் வாயாலேயே கிடைப்பது அபூர்வம். நான்கில் கதைக்குப் பரிசு என்றால் ஹைமேக்குத்தான். கணவனுக்கு உற்சாகம் தாங்காமல் சூப்பர் மார்க்கெட்டில் நான்கு மெழுகுவர்த்தி வாங்கி வந்து, பெயரெழுதி, சமையலறை மேடையில் ஏற்றினான். ஹைமே ஜன்னலோரம் இருந்தது. பத்தே நிமிடத்தில் காற்றில் அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றலாம் என்றான். ‘ராணி மறுபடி ஏற்றினாளா?’ என்று கேட்டாள் இவள்.

ஹைமேயில் எனக்கு இரண்டு உறுத்தல். ஒன்று சின்னது: ஸ்பெயினில் ஜோக்குகளின் ஆஸ்தான வால்பையன் பெயர் ஹைமீத்தோ, அதாவது குட்டி ஹைமே. வாத்தியார் ஒரு கேள்வி கேட்பார், ஹைமீத்தோ எடக்காக ஒன்று சொல்வான், கதை முடிந்தது. பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரோடு உட்காருகிற பையன் அத்தனை ஜோக்கையும் கேட்டே ஆக வேண்டும். இரண்டாவது, நாட்டை விட்டு வெளியே போனால் இதை யாரும் சரியாகப் படிக்க மாட்டார்கள். ஜெய்ம், ஜெய்மி என்று விமான நிலையத்தில் கூப்பிடுவார்கள். ஹ-வும் ஐ-யும் சேர்ந்த அந்த முதல் எழுத்து ஸ்பானிய வாய்க்கே உரியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உறுத்தல் என்பதைவிடத் தழும்பு. சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில், 1938 தொடங்கி, பிறப்புப் பதிவேட்டில் ஸ்பானியப் பெயர்தான் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். கட்டலோனியாவிலும் மயோர்க்காவிலும் வீட்டில் ஜாவ்மே என்று கூப்பிட்ட பிள்ளைகள் காகிதத்தில் ஹைமே ஆனார்கள். 1977-இல்தான் ஸ்பெயினின் எந்த மொழியிலும் பெயர் வைக்கலாம் என்று சட்டம் மாறியது. சரகோசாவில் ஹைமே சொந்தப் பெயர், அங்கே பிரச்சினை இல்லை. ஆனால் பார்சலோனாவில் ஒரு கிழவரிடம் ஹைமே என்றால், ‘அது அவர்கள் எழுதியது’ என்று பதில் வரக்கூடும்.

யாகோவை நான் சீக்கிரம் கடந்துவிட்டேன். குட்டிப் பெயர், அழகான பெயர், நான்கில் மூலத்துக்கு மிக அருகில் இருப்பது. கலீசிய எழுத்தில் ‘ஐ’ போட்டு இயாகோ (Iago) என்று தொடங்குவார்கள், ஸ்பானியத்தில் ‘ஒய்’ போட்டு யாகோ (Yago). கலீசியாவில் இதற்கு இப்போது நல்ல கிராக்கி. செல்தா அணியின் இயாகோ அஸ்பாஸ் கோல் போடும்போதெல்லாம் விகோ ஊரே அந்தப் பெயரைக் கத்துகிறது. ஆனால் எல்லை தாண்டினால் ஷேக்ஸ்பியர் காத்திருக்கிறார். ஒதெல்லோவின் காதில் விஷம் ஊற்றும் வில்லனும் இயாகோதான். இரண்டு எழுத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுக்க ‘ஐ-யா, ஒய்-யா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை வேறு.

தாளில் இல்லாத ஐந்தாவது ஒன்று உண்டு, ஹகோபோ. லத்தீன் வாசனை போகாத படித்தவர் வடிவம். இங்கிலாந்தின் ஜேம்ஸ் மன்னர்களை ஸ்பானியத்தில் ஹகோபோ என்றுதான் எழுதுவார்கள். ஆல்பா பிரபுக் குடும்பத்தில் இந்தப் பெயர் வந்ததும் அந்த மன்னர்களின் ஸ்டூவர்ட் வம்ச ரத்தத்தால். மாட்ரிடில் ஹகோபோ என்றால் குதிரையும் பண்ணை வீடும் இருக்கிறதா என்று கேட்பார்கள். இவர்களிடம் இருப்பது இரண்டு அறை ஃபிளாட்.

சரி, தியேகோ. நான் முதலிலிருந்தே இதன் பக்கம் சாய்ந்திருந்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் இதில்தான் சிக்கலும் அதிகம். சந்தியாகோவை ‘சான் தியாகோ’ என்று தப்பாகப் பிரித்ததில் பிறந்த தியாகோதான் தியேகோ ஆனது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். மொழியறிஞர்களில் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. இடைக்கால லத்தீன் ஆவணங்களில் இந்தப் பெயர் திதாகுஸ் என்று வருகிறது. தியாகோ, தியாகு போன்ற வடிவங்களும் உண்டு. திதாகுஸை ‘கற்பித்தல்’ என்னும் கிரேக்கச் சொல்லோடு இணைப்பார் உண்டு. ரோமர்களுக்கு முந்தைய ஐபீரியப் பெயராக இருக்கலாம் என்பாரும் உண்டு. அதாவது நான்கும் ஒரே பெயர் என்று மேலே பெரிதாகச் சொன்னேனே, அதில் தியேகோ மட்டும் தத்துப்பிள்ளையாக இருக்கலாம்.

இதைச் சொன்னதும் சரகோசாவிலிருந்து போனில் மாமனார், ‘அப்போ அது சீடர் பெயரே இல்லையே’ என்றாராம். நான் கொலம்பஸை இழுத்தேன். கொலம்பஸின் கடைசித் தம்பி ஜெனோவாவில் பிறந்தபோது ஜாக்கோமோ. ஸ்பெயினுக்கு வந்ததும் எல்லாரும் அவரைக் கூப்பிட்டது தியேகோ. இத்தாலிய யாகோபுவுக்கு நேரான ஸ்பானியப் பெயர் எது என்று 15-ஆம் நூற்றாண்டு ஜனங்களைக் கேட்டால் தியேகோ என்றுதான் சொல்லியிருப்பார்கள். வேர் எதுவானாலும், 500 வருஷமாகக் குடும்பத்தில் ஒருவனாக நடத்தப்பட்ட பிள்ளையை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று வாதாடினேன். கியூபாவில் சந்தியாகோ நகரத்தை நிறுவியவர் பெயரும் தியேகோதான், தியேகோ வெலாஸ்கெஸ் தே குவேயார்.

பழமைக்குக் குறைவில்லை. 884-இல் புர்கோஸ் நகரத்தை நிறுவியவர் தியேகோ ரோத்ரிகெஸ் என்ற கோமகன். ஸ்பானிய உலகம் முழுக்க நிறைந்திருக்கும் தியாஸ் என்ற குடும்பப் பெயருக்கு ‘தியேகோவின் மகன்’ என்று பொருள். எல் சித் என்று புகழ்பெற்ற இடைக்கால வீரர் ரோத்ரிகோ தியாஸின் அப்பா தியேகோ. நடு ஸ்பெயினின் பழைய ராஜ்யமான காஸ்தீயில், இடைக்காலத்தில், மனிதர்களுக்கு இட்ட பெயர் என்று பார்த்தால் தெருவுக்குத் தெரு தியேகோ.

புனிதரும் இருக்கிறார், ஆனால் அவர் வேறு மாதிரி ஆள். அல்காலாவின் தியேகோ, செவீயா பக்கத்துக் கிராமத்தில் பிறந்த பிரான்சிஸ்கன் சகோதரர், குருப்பட்டம்கூட வாங்காதவர். மடத்தில் வாசல் காத்தார், தோட்டம் பார்த்தார், ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தார். 1463-இல் இறந்தார். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1562-இல், இரண்டாம் ஃபெலிப்பே மன்னரின் மகன் கார்லோஸ் அல்காலாவில் மாடிப்படியில் உருண்டு மண்டை உடைந்து கிடந்தபோது, துறவியின் வற்றிய உடலை எடுத்து வந்து இளவரசனின் படுக்கையில் கிடத்தினார்கள். இளவரசன் பிழைத்தான். வெசாலியுஸ் உட்பட அந்தக் காலத்துப் பெரிய மருத்துவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். பெயர் கிடைத்தது தோட்டக்காரருக்கு. 1588-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் சான் தியேகோ நகரம், 1602-இல் விஸ்காயினோ வைத்தது, இவர் பெயர். குதிரை, வாள், வெட்டுண்ட தலை எதுவும் இவரிடம் இல்லை; மடியில் மறைத்த ரொட்டி ரோஜாப்பூவாக மாறிய கதை மட்டும் உண்டு. சுர்பரான் அதை வரைந்த படம் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிராதோ என்றதும், ஒரு ஞாயிறு மாலை மூவரும் அங்கேயே போனோம். பார்க்கப் போனது வேறொரு தியேகோவை, லாஸ் மெனீனாஸ் ஓவியத்தின் இடது பக்கத்தில் தூரிகையோடு நிற்கும் ஓவியர் தியேகோ வெலாஸ்கெஸை. கிட்டே போய்ப் பார்த்தால் கறுப்பு அங்கியின் நெஞ்சில் ஒரு சிவப்புச் சிலுவை, கீழ்க்கை வாள் முனையாகக் கூராக இறங்குகிறது. அது சந்தியாகோ வீரர் குழுவின் சின்னம். படம் 1656-இல் வரைந்தது. அவருக்கு அந்தக் குழுவில் இடம் கிடைத்தது 1659-இல். ஆகச் சிலுவை பின்னால் ஏற்றியது. மன்னரே தூரிகை எடுத்து வரைந்தார் என்று ஒரு கதை உண்டு, அழகான கதை, நம்ப வேண்டியதில்லை.

அந்த இடம் சும்மா கிடைக்கவில்லை. கையால் உழைத்துக் காசு வாங்கவில்லை, குடும்பத்தில் யூத ரத்தமோ மூர் ரத்தமோ இல்லை என்று நிரூபிக்க வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். அவர் ஓவியம் வரைவது பிழைப்புக்கு இல்லை, மன்னரை மகிழ்விக்க என்று சாட்சிகள் சொன்னார்கள். யாக்கோபு என்ற யூதப் பெயரைத் தலையில் தாங்கிய குழுவில் சேர யூத ரத்தம் இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. தோழியின் கணவன் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றான். தியேகோவின் நெஞ்சில் சந்தியாகோ. தாளில் அதன் பிறகு ஒரு வாரம் யாரும் பென்சில் வைக்கவில்லை.

குறைகளையும் வைத்துவிடுகிறேன். தியேகோ இப்போது சாதாரணமாகிவிட்ட பெயர். வகுப்பில் இன்னொரு தியேகோ இருப்பான். ஸ்பானியத்தில் பேச்சு மாறுகிறவனை, ‘தீகோ என்று சொன்ன இடத்தில் தியேகோ என்கிறான்’ என்று கிண்டலடிப்பார்கள். தீகோ என்றால் ‘சொல்கிறேன்’. பையன் எப்போதாவது வாக்கு மாறினால் அந்தப் பழமொழி தயாராக இருக்கும். அதை ஹைமீத்தோ ஜோக்குகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. வெளிநாட்டில் படிப்பதும் எளிது, மரடோனா புண்ணியத்தில் உலகம் முழுக்க உச்சரிப்பு தெரியும். பெயரைச் சுருக்கும் தேவையும் இல்லை. சந்தியாகோ இரண்டே நாளில் சாந்தி ஆகிவிடுவான், பாதி சந்தியாகோக்கள் முழுப் பெயரைக் கேட்பது அம்மா கோபத்தில் இருக்கும்போதுதான்.

நாள் விஷயமும் உண்டு. இங்கே பெயருக்குரிய புனிதரின் நாளைக் கொண்டாடுவார்கள். சந்தியாகோ, ஹைமே, யாகோ மூன்றுக்கும் ஜூலை 25. கலீசியாவில் அது பொது விடுமுறை, வாணவேடிக்கை. மாட்ரிடில் பள்ளிக்கூடம் மூடி நண்பர்களெல்லாம் ஊருக்குப் போயிருக்கும் நேரம். தியேகோவுக்கு நவம்பர் 13, வகுப்பில் மிட்டாய் கொடுக்கலாம். சின்ன விஷயம்தான், ஆனால் ஆறு வயசில் அது சின்ன விஷயம் இல்லை.

இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு என் கணக்கு இது. வீட்டில் கலீசிய மொழி பேசுகிறீர்கள், பையன் அங்கேயே வளரப்போகிறான் என்றால் இயாகோவை விடாதீர்கள். தாத்தா பெயர் ஹைமே என்றால், அவர் உயிரோடு இருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் ஹைமே வையுங்கள். மெழுகுவர்த்திக் கதையை அவன் எட்டு வயசில் சொல்லிக்கொடுங்கள். குடும்பத்தில் பாதி மெக்சிகோவிலோ பொகோத்தாவிலோ இருந்தால் சந்தியாகோ இரண்டு கரையிலும் வீட்டுப் பெயர். இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் முறைத்துக்கொண்டு, இருவருக்கும் நடுவில் மாட்ரிடில் குடியிருக்கிறீர்கள் என்றால், மேற்கும் சொந்தம் கொண்டாட முடியாத, கிழக்கும் சொந்தம் கொண்டாட முடியாத தியேகோ. எந்த மாகாணத்தில் எந்தப் பெயர் எத்தனை பேருக்கு, சராசரி வயசு என்ன என்பதை நாட்டுப் புள்ளிவிவர நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயர் கிழவர் பெயரா குழந்தைப் பெயரா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பையன் பிறந்தான். இங்கே ஆஸ்பத்திரியிலிருந்தே 72 மணி நேரத்துக்குள் பதிவு செய்துவிடலாம், இல்லையென்றால் பத்து நாளுக்குள் பதிவு அலுவலகம் போக வேண்டும். இவர்கள் மூன்றாம் நாள் காலையில், டிஸ்சார்ஜுக்குச் சற்று முன்பு, படிவத்தில் தியேகோ என்று எழுதினார்கள்.

மதியம் கலீசியாவிலிருந்து பாட்டி வந்தாள், மடியில் ஒரு அட்டைப்பெட்டியோடு. உள்ளே சந்தியாகோ கேக். பாதாம், முட்டை, சர்க்கரை மட்டும் போட்டுச் செய்வது. மேலே அட்டை அச்சு வைத்துப் பொடிச் சர்க்கரை தூவி இறக்கிய அதே சிலுவை, கீழ்க்கை வாள் முனையாக. பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுத் தொட்டிலில் குனிந்து ‘சந்தியாகிஞோ’ என்று கொஞ்சினாள்.

‘தியேகோ, அம்மா’ என்றாள் தோழி.

‘அதைத்தானே சொன்னேன்’ என்று கத்தியைத் தேடப் போனாள் பாட்டி.